எருமை மேயாத நிலம்

மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்தான். மும்பை கோவண்டியில் எங்கள் சந்தில் யாருக்கு எந்த ஆபீசுக்கு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் டைப் அடிப்பேன். தண்ணீர் வரவில்லை, ரேஷன் கார்டில் பெயர் தப்பு, சாக்கடை மூடியைக் காணவில்லை என்று வருஷத்துக்கு இருபது முப்பது மனு எழுதுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முப்பிடாதியம்மாளுக்கு எழுதிக் கொடுத்தது ஒன்றுதான் பதினைந்தாம் நாளே பலித்தது. அது பலிக்காமலே போயிருக்கலாம்.

முப்பிடாதியம்மாள் அருகம்புல் விற்கிறவள். மாட்டுங்காவில் ஒரு கோயில் மதிலோரம் அவளுக்கு நாலடி இடம் உண்டு. காலை ஐந்தரைக்கு ஹார்பர் லைன் ரயிலில் லக்கேஜ் டப்பாவில் சாக்கோடு ஏறி, குர்லாவில் இறங்கி மாறி, ஆறே காலுக்குக் கடை விரித்துவிடுவாள். அருகு, துளசி, வில்வம், செவ்வாய் வெள்ளி எலுமிச்சம்பழம். புருஷன் சுடலைக்கண்ணன் தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் வலது பாதத்தில் பாதி போய்விட்டது. மகள் ஷாலினியைக் கல்யாணில் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது அந்த வீடு நிற்பது மாட்டுங்கா மதிலோரத்து நாலடியில்தான்.

அந்த நாலடி சும்மா கிடைத்ததில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே உள்ள பஜனை சமாஜத்தின் காரியதரிசி நாணு, கோயில்காரர்களிடமும் நடைபாதைக்காரர்களிடமும் பேசி அவளை உட்கார வைத்தார். பாலக்காட்டுக் குடும்பம், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. விநாயக சதுர்த்திக்குச் சமாஜத்தில் ஆயிரத்தெட்டு நாமம் சொல்லி அர்ச்சனை நடக்கும். நாமத்துக்கு ஒரு ஜுடி, அதாவது சின்னக் கட்டு; ஜுடிக்கு இருபத்தோரு தளிர். அத்தனை அருகும் அவள்தான் கொண்டுவர வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை.

மும்பையில் அருகுக்கு என்ன பஞ்சம், தண்டவாள ஓரத்தில்கூட இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேட்டது தப்பு என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, தண்டவாளத்து அருகு நாயி மோண்ட அருகு. அதை விடுங்க. சாமிக்கு வைக்கதுக்கு நுனியில மூணு எலை விரிஞ்சிருக்கணும். கணு நெருக்கமா இருக்கணும். நீட்டமாப் போனா அது மாட்டுக்குப் போடுத புல்லு."

அப்படிப்பட்ட அருகு எங்கள் சந்துக்குப் பின்னாலேயே இருந்தது. சந்தின் கடைசியில் ஒரு மதில். அதற்கு அப்பால் மூடிப்போன ஒரு கெமிக்கல் கம்பெனியின் நிலம், இருபது ஏக்கருக்குக் குறையாது. கட்டடங்களை இடித்து இரும்பை அள்ளிக்கொண்டு போய்ப் பத்துப் பதினைந்து வருஷமாகிறது. கோர்ட்டில் வழக்கு இருப்பதால் யாரும் ஒன்றும் கட்டவில்லை. கேட்டில் அப்துல் ரவூப் என்று ஒரு வாட்ச்மேன். முப்பிடாதியம்மாளை அவர் உள்ளே விடுவார். மதிலில் ஒரு பெரிய உடைப்பு இருந்தது. அது எருமைகளின் வழி.

எருமைகள் கணேசபாண்டியனின் பொறுப்பு. அவன் முப்பிடாதியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. தபேலா என்கிற மாட்டுக் கொட்டகைகளில் பால் வற்றிய எருமைகளை அடுத்த கன்று போடுகிறவரை வாங்கி மேய்த்துக் கொடுக்கிறான். எப்போதும் பத்துப் பன்னிரண்டு உருப்படி நிற்கும். ஆள் வாட்டசாட்டம், வாயும் அப்படித்தான்.

பன்னிரண்டு எருமைகள் நாள் முழுக்க மேய்ந்ததில் அந்த நிலம் மெஷின் போட்டு வெட்டிய தலை மாதிரி இருக்கும். உயர்ந்து வளர்கிற புல் எதுவும் தலை தூக்க முடியாது. அருகு அப்படியில்லை, தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடுகிற சாதி. கடித்தால் கடித்த இடத்தில் இரண்டு தளிர் விடும், மிதித்தால் மிதித்த இடத்தில் வேர் பிடிக்கும். எருமையின் காலடியில் கிளம்புகிற பூச்சிக்கு உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கும். முதுகில் கரிச்சான் உட்கார்ந்து சவாரி போகும். சாணியைக் கிளறுவதற்கு மைனா. வெட்டவெளித் தரையில், நாலு கல்லுக்கு நடுவில், ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டுக் காவல் இருக்கும். இதற்கெல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மனு எழுதியிருக்க மாட்டேன்.

தெரிந்த ஒரே ஆள் சுடலைக்கண்ணன். அவருக்கு வேறு வேலை இல்லை. வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மதிலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மதில் உயரம் என்பதால் ஒன்றும் தெரியாது, காது மட்டும்தான். முப்பிடாதி மாட்டுங்காவிலிருந்து திரும்பிச் சோறு தின்றுவிட்டு, மூன்று மணிக்கு அரிவாளோடு உள்ளே போவாள். அவள் எங்கே நடந்தாலும் ஆள்காட்டி தலைக்கு மேல் பறந்து கத்தும். அதை வைத்து அவர் சொல்லுவார்.

"இப்ப பழைய தண்ணித் தொட்டிகிட்ட நிக்கா."

கொஞ்ச நேரம் கழித்து, "வடக்கு மூலைக்குப் போயிட்டா. அங்கன ஒரு சோடி முட்டை வச்சிருக்கு, அதான் இம்புட்டுக் கூப்பாடு."

அவள் வந்ததும் கேட்டால் சரியாக இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷர், இப்போது பெண்டாட்டி எங்கே என்பதை ஒரு குருவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டை போன வருஷத்துக்கு முந்தின வருஷச் சதுர்த்தியில் ஆரம்பித்தது. அர்ச்சனைக்கு உட்கார்ந்த ஒரு மாமியின் தட்டில், ஒரு ஜுடிக்குள் காய்ந்த சாணித்துண்டு ஒன்று. சுண்டுவிரல் நகம் அளவுதான். நாணு மறுநாள் காலையில் அதைச் சொல்ல வந்தார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"பரவாயில்லை போ, சாணிதானே. பசுஞ்சாணின்னா தோஷமில்லை. தீர்த்தம் தெளிச்சு எடுத்துண்டாப் போச்சு" என்றார்.

முப்பிடாதி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது அவளுக்கு வராது.

"பசு அங்கன ஏது சாமி? எருமைச் சாணி."

நாணு இரண்டடி பின்னால் போனார். "எருமையா? இத்தனை வருஷமா எருமை மேயற எடத்துலேர்ந்தா கொண்டு வரே? எமனோட வாகனமாக்கும் அது! பிள்ளையாருக்கு வைக்கற வஸ்துவில... அடுத்த வருஷம் எருமை கால் வைக்காத எடத்துப் புல்லாக்கும் வேணும். இல்லைன்னா நான் கமிட்டிக்கு என்ன பதில் சொல்லுவேன், கேட்டியா?"

அவள் அன்றைக்கே தம்பியிடம் போனாள். அவன் எருமையின் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தானாம். கேட்டுவிட்டுச் சிரித்தானாம்.

"எக்கா, எருமைப் பாலுல காப்பி குடிப்பாவ, எருமைத் தயிரை ஊத்திச் சோறு தின்பாவ. சாணி மட்டும் ஆவாதாமா?"

"ஏல, என் பொழைப்பு ஒனக்குச் சிரிப்பா இருக்கா? வேற எங்கனயாவது பத்திட்டுப் போ."

"எங்கன போவ? பம்பாயில எனக்கு எங்கன பொறம்போக்கு கெடக்கு? நான் பதினாலு வருசமா மேய்க்கேன். நீ வந்து புல்லறுக்கே. ஆருக்கு ஆரு எடம் குடுக்கது?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைக் குத்தியது. அவனை ஊரிலிருந்து டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்து, முதல் மூன்று வருஷம் சோறு போட்டவள் அவள். அதைச் சொல்லிக் காட்டினாள். அவன் சோற்றைச் சொல்லிக் காட்டிவிட்டாயே என்றான். பேச்சுவார்த்தை அறுந்தது. பொங்கலுக்கும் வரவில்லை.

வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு கடுதாசி எழுதணும். எருமை வருது, கொசு வருது, நாத்தம் வருதுன்னு எழுதுங்க. உடைப்பை அடைக்கச் சொல்லணும்."

சுடலைக்கண்ணன் நாற்காலியில் இருந்தபடி, "ஏட்டி, வேண்டாம்ட்டி. கூடப்பொறந்தவன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. மாட்டுங்கா எடம் போச்சுன்னா கூடப்பொறந்தவனா கஞ்சி ஊத்துவான்?"

நான் எழுதினேன். கொசு, துர்நாற்றம், பொதுச் சுகாதாரம் எல்லாம் போட்டுப் பதினோரு கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நல்ல இங்கிலீஷ். கம்பெனிக்காரர்களுக்கு வேலி அடைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ, பதினைந்தாம் நாள் ஒரு டெம்போவில் பத்ரா தகடுகள் வந்து இறங்கின. உடைப்பை இரும்புச் சட்டம் போட்டு, தகடு அடித்து மூடிவிட்டார்கள். கணேசபாண்டியன் எருமைகளை ஓட்டிக்கொண்டு மான்குர்ட் பக்கம் பழைய உப்பளத்து மேட்டுக்குப் போய்விட்டான். போகிறபோது சந்து வழியாகத்தான் போனான். பன்னிரண்டு எருமைகளும் அக்கா வீட்டு வாசலைத் தாண்டிப் போயின. அவள் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் பத்தாம் தேதி மழை இறங்கியது. முதல் இரண்டு வாரம் முப்பிடாதி கால் தரையில் படாமல் நடந்தாள். சாணி இல்லை, குளம்படிச் சேறு இல்லை. நிலம் முழுக்கப் பச்சை. "பாத்தியளா அண்ணாச்சி, கண்ணாடி கணக்கா இருக்கு" என்று ஒரு பிடி அருகைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலையில் மற்ற புல் கிளம்பியது. இத்தனை வருஷமாக எருமை வாய்க்குப் பயந்து தரைக்குள் கிடந்த விதையெல்லாம் ஒரே மழையில் எழுந்தன. முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு. ஊசிப்புல், கோரை, பெயர் தெரியாத தாட்டியான புல் நாலைந்து. முப்பிடாதி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நடக்கிற ஓரத்தில் கிடைத்ததே தினசரி வியாபாரத்துக்குப் போதுமாக இருந்தது. மழையில் உள்ளே போகவும் அவளுக்கு நேரமில்லை. சதுர்த்திக்கு இருக்கிறதே, உள்ளே இருபது ஏக்கர், என்று இருந்துவிட்டாள்.

சுடலைக்கண்ணன்தான் ஒருநாள் சொன்னார். "ஏட்டி, ஆள்காட்டி சத்தத்தையே காணும்."

"மழையில குருவி எங்கன கத்தும்?"

"மழையிலயும் கத்தும். பத்து நாளா ஒண்ணும் இல்ல. ஒரு கொக்குகூட மதிலைத் தாண்டிப் போவலை."

"ஒங்களுக்குக் குருவிக் கவலை" என்று அவள் வெங்காயத்தை நறுக்கினாள்.

அவர் சொன்னது சரி. தாவி ஓடி நாலு பக்கமும் பார்க்கிற குருவி அது; இடுப்புயரப் புல்லில் அதற்கு என்ன வேலை? ஆனால் நிலம் காலியாகக் கிடந்தது என்று நினைக்க வேண்டாம். சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து புல் விதையில் தொங்கின. கதிர்க்குருவி புல்லைத் தைத்துக் கூடு கட்டியது. காடை வந்தது. எலி வந்தது, எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பும் வந்தது. ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் குடிவந்தது, அவ்வளவுதான். நிலத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நஷ்டமெல்லாம் முப்பிடாதிக்கு.

சதுர்த்திக்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் சாக்கோடு உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, நான் சுடலைக்கண்ணனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் இருந்ததைத் தரையில் போட்டாள். அருகுதான். ஆனால் வெளுத்துப்போய், நூல் மாதிரி ஒரு முழ நீளம். கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் நாலு விரல். நுனியில் இலையே விரியவில்லை. வெயில் தேடி மேலே ஏறப் பார்த்து, ஏற முடியாமல் செத்துக்கொண்டிருந்த புல்.

"எல்லா எடமும் இப்படித்தான் கெடக்கு" என்றாள். "வகுந்து வகுந்து பாத்தேன். அடியில அழுவிக் கெடக்கு."

மனு எழுதிய கை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எருமை திங்காம விட்ட புல்லு, அருகைத் தின்னுட்டு" என்றார் சுடலைக்கண்ணன். குற்றம் சொல்கிற குரல் இல்லை, பார்த்ததைச் சொன்னார். அதற்குத்தான் அவள் அழுதாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

மறுநாள் தாதர் மார்க்கெட்டுக்குப் போனாள். சதுர்த்தி வாரத்தில் தாதரில் அருகு மலை மாதிரி குவியும். அவளும் குவியலைக் கிளறிப் பார்த்தாள். மேலே இரண்டு தளிர், உள்ளே கண்ட புல்லும் அடைத்துக் கட்டின ஜுடிகள். ரெண்டு நாளைக்கு முந்தி அறுத்து, லாரியில் வெந்து, தொட்டால் சூடு. நாணு ஒவ்வொன்றாக நுனி பார்த்து வாங்குகிற ஆள். வெறும் சாக்கோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரசமும் சோறும் போயிற்று.

"ஏட்டி" என்றார் சுடலைக்கண்ணன். "எருமை இருக்க எடத்துல அருகு இருக்கும்லா?"

அவள் காலிச் சாக்கை மடித்தாள்.

"நான் போயி கேக்கேன். ஆட்டோ புடிச்சுக் குடு."

"நீங்க ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு அந்தச் சகதியில எங்கன போவிய? நானே போறேன். சோத்தைச் சொல்லிக் காட்டுன வாய்தான, அதே வாயி கேக்கட்டும்."

என்னையும் கூப்பிட்டாள். துணைக்கா, சாட்சிக்கா என்று தெரியவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

உப்பளத்து மேடு என்பது கழிமுகத்துச் சதுப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற ஒரு வரப்புநிலம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரோட்டை விட்டு இறங்கி இருபது அடி வைத்திருப்போம், தலைக்கு மேல் கிறீச்சென்று சத்தம். மஞ்சள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஆள்காட்டி சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தியது. முப்பிடாதி நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு காலடியில் பார்த்தாள். குனிந்து ஒரு தளிரைக் கிள்ளி விரலில் வைத்துத் திருப்பினாள். மூன்று இலை, நெருங்கின கணு. கண்ணுக்கு எட்டியவரை எருமைகள் நக்கிவிட்ட பச்சைத் தரை, இங்கும் அங்கும் சாணி, சாணியைச் சுற்றி மைனா. இந்தக் குருவிகள் எல்லாம் எருமைக்குப் பின்னால் வீடு மாறி வந்துவிட்டதைப் போலிருந்தது.

குருவிச் சத்தம் கேட்டு, பாலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு கணேசபாண்டியன் வந்தான். அக்காவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மனு யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

"கொசு, நாத்தம்லாம் இங்கயும் உண்டு அண்ணாச்சி" என்றான். "பாத்து நில்லுங்க."

முப்பிடாதி சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு அருகு வேணும்ல. நாலு நாள்தான் இருக்கு. நம்ம நெலத்துல எல்லாம் செத்துப்போச்சு."

"எருமையைப் பத்தி வுட்டாச்சுல்லா. பெறவு என்ன கேடு?"

"அதான் கேடு. நான்தான் புத்தி கெட்டுப்போயி எழுதச் சொன்னேன். ஒன்னை அசிங்கப்படுத்திட்டேன். சோத்தையும் சொல்லிருக்கக் கூடாது. போதுமா? இல்ல, கால்ல விழணுமா?"

அவன் முகம் மாறிவிட்டது. "எக்கா, என்ன பேச்சுப் பேசுதே" என்றான். பாலித்தீன் தாளை இழுத்துவிட்டுக்கொண்டான். "அத்தானுக்கு கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. குருவி சத்தம் கேக்கலைன்னு கெடந்து தவிக்காவ."

"எருமையை நாளைக்குக் கெழக்குப் பக்கம் பத்திக்கிடுதேன். இங்கன அறுத்துக்கோ. அன்னா அந்தக் கல்லுகிட்ட மட்டும் போவாத, குஞ்சு நிக்கி." திரும்பி நடந்தவன் நின்றான். "சாணி இருக்கும். பெறவு அதுக்கு ஒரு மனு எழுதிராத."

மூன்று நாள் அறுத்தாள். கடைசி நாள் கணேசபாண்டியனே எருமைகளை வேறொருவனிடம் விட்டுவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். சந்தில் ஒரு தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே நாலு பெண்கள், அவன், சுடலைக்கண்ணன், நான். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று ஏழு அண்டாவில் அலசி, ஈரத்துணியில் பரப்பி, நுனி பார்த்து, இருபத்தொன்று எண்ணி, வாழைநாரால் கட்டி, தண்ணீர் தெளித்து அடுக்க வேண்டும். சாமிக் காரியம் என்பதால் சந்தில் அந்த மூன்று நாளும் கருவாடு வாசனை கிடையாது, புளிச்சோறும் துவையலும்தான். கணேசபாண்டியன் எண்ணினால் ஒன்று கூடும் அல்லது குறையும். "எருமை எண்ணுத கையி எக்கா, பன்னெண்டுக்கு மேல தெரியாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள், ஆனால் அவள் கை நிற்கவில்லை. அவள் மனசு முழுக்க நாணு இருந்தார் என்று எனக்குத் தெரியும். எருமை கால் வைக்காத இடம் என்று அவர் கேட்டிருந்தார்.

"கேட்டா என்ன சொல்லுவே?" என்று சுடலைக்கண்ணன் கேட்டார்.

"கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கிடுதேன்."

"கேட்டா ஆமான்னு சொல்லிரு எக்கா. ஆரு வந்து பாக்கப் போறா?" என்றான் கணேசபாண்டியன்.

அவள் அடுத்த ஜுடியைக் கட்டினாள்.

சதுர்த்தி அன்று காலை இரண்டு கூடை. ஒன்றை நான் தூக்கினேன். லக்கேஜ் டப்பாவில் மீன்காரிகளே கூடையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி இடம் விட்டார்கள். சமாஜ வாசலில் மாவிலை கட்டி, உள்ளே மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள். நாணு பட்டுக்கரை வேஷ்டியில் நின்றிருந்தார். ஒரு ஜுடியை எடுத்தார், நுனியை விரித்தார், எண்ணினார், முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு அருகு நீ கொண்டு வந்ததில்லை, கேட்டியா. எருமையெல்லாம் ஒழிச்சுட்டியோன்னோ?"

முப்பிடாதி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்காமல் மாவிலையைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு சொல். அதோடு அடுத்த வருஷம்வரை கவலையில்லை.

"ஒழிச்சேன் சாமி" என்றாள். நான் மூச்சை விட்டேன். அவள் நிறுத்தவில்லை. "ஒழிச்சதுனால எங்க நெலத்துல ஒரு தளிர் இல்லாமச் செத்துப்போச்சு. இது எருமை மேயுத எடத்துப் புல்லு. எந்தம்பி எருமை. அது மேஞ்சாத்தான் இது தளிர்க்கும், இல்லைன்னா மத்த புல்லு அமுக்கிருது. ஏழு தண்ணியில அலசியிருக்கு. எடுக்கலாம்னா எடுங்க. ஆவாதுன்னா சொல்லிருங்க, தூக்கிட்டுப் போறேன். எடத்தையும் வேற ஆளுக்குக் குடுத்திருங்க."

நாணு கையில் இருந்த ஜுடியைக் கீழே வைக்கவும் இல்லை, கூடையில் போடவும் இல்லை. அடுத்த கூடையைத் தூக்க நான் குனிந்துவிட்டேன். உள்ளேயிருந்து வாத்தியார், "அருகு வந்தாச்சா? நாழியாறது" என்று குரல் கொடுத்தார்.

நாணு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதாக்கும் உன்னோட வியாதி. போன தடவையும் அதேதான் பண்ணினே. சாணின்னு விட்டிருந்தா நான் பசுன்னு நினைச்சுண்டு போயிருப்பேன்." கையிலிருந்ததைக் கூடையில் வைத்தார். "உள்ள கொண்டு போய் வை. மாமிகள்கிட்ட வாயைத் திறக்காதே. பிள்ளையார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் கூடையை உள்ளே வைத்துவிட்டு வந்து, கோயில் மதிலோரம் தன் நாலடியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வியாபாரம் எதுவும் செய்யவில்லை. மைக்கில் ஒவ்வொரு நாமமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு நான் இன்னொரு மனு எழுதினேன். உடைப்பைத் திறக்க வேண்டும், எருமைகளால் தொந்தரவு ஒன்றும் இல்லை என்று. அதே பதினோரு கையெழுத்து. வழக்கம்போல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கோவண்டியில் பத்ரா தகடு எத்தனை நாள் அடித்த இடத்தில் இருக்கும்? மார்கழி வாக்கில் ஒருநாள் காலையில் பார்த்தால் உடைப்பு மறுபடி உடைப்பாக இருந்தது. அப்துல் ரவூப் வந்து பார்த்துவிட்டு, "சோர் லே கயா" என்று சொல்லி, திருடன் கொண்டுபோய்விட்டான் என்றே நோட்டில் எழுதிக்கொண்டார். கணேசபாண்டியனின் கொட்டகைக்கு அந்த வாரம் புதுக் கூரை போட்டிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எருமைகள் சந்து வழியாகத் திரும்பி வந்தன. காய்ந்து நின்ற ஊசிப்புல்லை மிதித்துச் சாய்த்தன, கிடைத்ததைத் தின்றன. காடையும் கதிர்க்குருவியும் எங்கே போயினவோ தெரியாது. மாசி பங்குனியில் தரை வெளியே தெரிந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சுடலைக்கண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். முப்பிடாதி அரிவாளை எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்க் கால் மணி நேரம் இருக்கும். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எனக்கும் கேட்டது, மெல்லிசாக, தூரத்தில். அவர் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை.

"வடக்கு மூலையில நிக்கா" என்றார்.